பதினோராம் இலக்கச் சட்டையும் எனது கையொப்பமும்

1

நடந்தவற்றை எழுதுவதற்கு முன் எனது நிலையைச் சொல்லிவிடுவது முறை. நான் யாழ்ப்பாணத்தில் நமது கல்லூரியில் பயின்று, பல்கலைக்கழகத்தில் பொருளியலில் சிறப்புப் பட்டம் பெற்று, அதே கல்லூரிக்குத் திரும்பிவந்து பதினான்கு ஆண்டுகள் கற்பித்தவன். கடைசி இரண்டு ஆண்டுகள் உப அதிபராக இருந்தேன். ரொறன்ரோவுக்கு வந்தபின் மருந்துக் களஞ்சியம் ஒன்றில் மேற்பார்வையாளராக வேலைபார்த்து ஓய்வு பெற்றேன். அந்த வேலையைப் பற்றி உயர்த்தியோ தாழ்த்தியோ சொல்ல எதுவும் இல்லை. ஆயினும் மோர்னிங்சைட் பகுதியில் நம்மவர் ஒருவருக்குப் பொறுப்புள்ள ஒருவரின் கையொப்பம் வேண்டுமென்றால் என் வீட்டு மணியைத்தான் அழுத்துவார்கள். கடவுச்சீட்டுப் படிவம், பிள்ளைக்குரிய நற்சான்று, வாடகை வீட்டுக்கான பரிந்துரைக் கடிதம், எதுவானாலும் சரி. வாசிக்காமல் நான் எதிலும் கையொப்பமிட்டதில்லை. இட்டபின் பின்வாங்கியதுமில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நமது பழைய மாணவர் மலரின் சென்ற இதழில் எனது படத்தோடு ஒரு வாழ்த்துச் செய்தி வெளிவந்திருந்தது. அது வெளிவந்த வாரத்தில் யாழ்ப்பாணத்திலிருந்தும் இலண்டனிலிருந்தும் பலர் அழைத்துப் பாராட்டினார்கள். நன்றி தெரிவித்து ஒரு குறிப்பு எழுதித் தரும்படி மலராசிரியர் கேட்டிருக்கிறார். எழுதுகிறேன். இது நன்றிக் குறிப்புத்தானா என்பதை வாசித்தபின் அவர் தீர்மானிக்கட்டும்.

2

ஊரிலுள்ள வாசகர்களுக்கு ஹொக்கி என்றால் புல்தரையில் வளைந்த தடியோடு ஆடுவது. இங்கே அதைப் பனிக்கட்டித் தளத்தில், அடியில் கத்தி பொருத்திய சப்பாத்துகளோடு ஆடுகிறார்கள். பந்துக்குப் பதிலாக ஒரு கரிய வட்டத் தட்டு. அதைப் பக் என்கிறார்கள். இந்த நாட்டவர்க்கு அது கோயில் திருவிழா மாதிரி. என் மகன் நிமலனுக்கும் அப்படித்தான் ஆயிற்று.

அவனுக்குப் பதினேழு வயதிருக்கும்போது, நமது பிள்ளைகள் பதினைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு ஓர் அணி தொடங்கினான். உள்ளக அரங்கு ஒன்றை வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் வாடகைக்கு எடுக்கவேண்டும். அரங்கின் அலுவலகம் வயதுவந்த ஒருவரின் பொறுப்புக் கையொப்பம் கேட்டது. மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் ஆங்கிலப் படிவத்தைக் கண்டு பின்னுக்கு நின்றார்கள். நான் போனேன். ஆறு பக்க ஒப்பந்தத்தை அங்கேயே உட்கார்ந்து வாசித்தேன். ஒன்பதாவது பிரிவுக்கு என்ன பொருள் என்று எழுதுவினைஞரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து மேலாளர் வந்தார். இதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை என்றார். விளக்கம் பெற்றபின் கையொப்பமிட்டேன்.

நிமலனிடமும் ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கினேன். கணிதத்தில் எழுபத்தைந்து புள்ளிக்குக் குறைந்தால் மறு ஆண்டு எனது கையொப்பம் இல்லை. அவன் ஒருமுறையும் குறைய எடுக்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி என்பது அந்த அரங்கில் எல்லோரும் விரும்பும் நேரம். ஒப்பந்தத்தை ஆண்டுதோறும் புதுப்பிப்பவருக்கே அந்த நேரத்தில் முதல் உரிமை. பெயர் மாறினால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். ஆகையால் பிள்ளைகள் வளர்ந்து, மணமுடித்து, பக்கத்து நகரங்களான பிக்கரிங்கிலும் அஜக்ஸிலும் வீடு வாங்கிய பின்னரும் ஒப்பந்தம் எனது பெயரிலேயே இருந்துவருகிறது. இருபத்து நான்கு ஆண்டுகள். இருபத்து நான்கு கையொப்பங்கள். அணிப் பிள்ளைகள் என்னைக் ‘கையெழுத்து அங்கிள்’ என்று அழைப்பார்கள்.

இன்னொருவரையும் இங்கே சொல்லவேண்டும். தவராசா எங்கள் ஊரவர், எட்டாம் வகுப்போடு நின்றவர். இதைக் குறையாக எழுதவில்லை. அவரே சொல்லிச் சிரிப்பார். நகர பஸ் சாரதியாக இருந்தார். ஆண்பிள்ளை இல்லை, ஒரே மகள். அவரிடம் பழைய வான் ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் பிள்ளைகளையும் அவர்களுடைய பெரிய பைகளையும் அதில் ஏற்றிக்கொண்டு போவார், ஆட்டம் முடியும்வரை குளிருக்குள் இருப்பார், திரும்பக் கொண்டுவந்து வீடு வீடாக இறக்குவார். ஒரு நாள் கோல் காப்பவன் வரவில்லை. சறுக்கத் தெரியாத தவராசா கவசங்களைக் கட்டிக்கொண்டு சாதாரணச் சப்பாத்தோடு கோலுக்கு முன்னால் போய் நின்றார். எதிரணிக்குப் பதினொரு கோல் விட்டார். பிள்ளைகள் அவருடைய பிறந்தநாளுக்குப் பதினொன்று என்று இலக்கமிட்ட ஒரு சட்டை அடித்துக் கொடுத்தார்கள். அதை அவர் கோயிலுக்குக்கூட மேலங்கிக்குள் போட்டுக்கொண்டு வந்ததுண்டு.

பிறகு மகளோடு அஜக்ஸுக்குப் போய்விட்டார். அங்குள்ள நம்மவர் அணியொன்று அவரைச் சேர்த்துக்கொண்டது. ஓர் இறுதியாட்டத்தில் அந்த அணியின் மேலங்கியோடு எதிர்ப்பக்க வாங்கிலில் நின்றார் என்று கேள்விப்பட்டேன்.

3

இந்த நாட்டின் தொழில்முறை ஹொக்கியை நான் பார்ப்பது குறைவு, வாசிப்பது அதிகம். பத்திரிகையில் வரும் ஒப்பந்த விவரங்கள் எனது பாடத்துக்கு நெருக்கமானவை. ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்ச வரம்பு உண்டு. ஒருவருக்கு அதிகம் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைக்கவேண்டும். சில வீரர்கள் தம்மைக் கேளாமல் வேறு அணிக்கு மாற்றக்கூடாது என்று ஒரு வாசகம் எழுதி வாங்குகிறார்கள். சிலர் ஒப்பந்தம் முடிந்த அன்றே கூடக் கொடுப்பவரிடம் போகிறார்கள். விசுவாசம் என்ற சொல்லை இரசிகர்கள் உபயோகிக்கிறார்கள். ஒப்பந்தங்களில் நான் அதைக் கண்டதில்லை.

அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய மரியாதை, ஒரு வீரரின் சட்டையை அரங்கின் கூரைக்கு ஏற்றுவது. அதன்பின் அந்த அணியில் வேறொருவரும் அந்த இலக்கத்தை அணிய முடியாது.

சென்ற குளிர்காலத்தில் நிமலன் வீட்டில் அப்படியொரு வைபவத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். வீரர் மேற்கே ஒரு நகரத்து அணியில் பெயரெடுத்தவர். பிறகு பெரிய ஒப்பந்தத்துக்காக வேறு அணிக்குப் போய்விட்டார். ஆட்டத்தை விடும் காலத்தில் பழைய அணிக்கு வந்து ஒரு நாள் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு ஓய்வு பெற்றாராம். இப்போது குடும்பத்தோடு நின்று, தாமே கயிற்றைப் பிடித்துத் தமது சட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார்.

“ஒரு நாளுக்கு ஒப்பந்தமோ?” என்று கேட்டேன்.

“ஓம் அப்பா. சும்மா செரிமோனியல். இந்த ரீம் ஆளா ரிட்டயர் பண்ணவேணும் எண்டு அவருக்கு ஆசை.”

“வேறை இடத்திலை போய் உழைச்சவர் ஒருநாள் வந்து இடாப்பிலை கையெழுத்து வச்சால், இந்த இடத்து ஆளோ?”

“ஹி வோஸ் த ஹார்ட் ஒவ் தட் ரீம், அப்பா.”

தளத்தில் விரித்திருந்த கம்பளத்தில் பழைய வீரர்கள் வரிசையாக நின்றார்கள். மூன்றாவதாக நின்றவர் சாம்பல் நிறக் கோட்டு அணிந்து, ஒழுங்காகக் கைதட்டிக்கொண்டிருந்தார். படக்கருவி அவர்மேல் ஒரு கணம் நின்று கடந்துபோயிற்று.

“உது ஆர், மூண்டாவதா நிக்கிறவர்?”

நிமலன் யோசித்தான். “பேர் வருகுதில்லை. டிஃபென்ஸ் விளையாடினவர். கடைசி வரைக்கும் அந்த ரீமிலையே இருந்தவர். குறைஞ்ச காசுக்கும் சைன் பண்ணினவர்.”

“அவற்றை சட்டை எங்கை?”

“எல்லாற்றையும் ஏத்தேலாது, அப்பா. பேந்து விளையாடுற ஆக்களுக்குப் போட நம்பர் மிஞ்சாது.”

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சாம்பல் கோட்டுக்காரரின் பெயரைப் பிறகு தேடி வாசித்தேன். தம்மை மாற்றக்கூடாது என்ற வாசகம் அவருடைய ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் அதை ஒருநாளும் விட்டுக்கொடுக்கவில்லை.

4

இரண்டு கிழமை கழித்து நிமலன் மோர்னிங்சைட்டுக்கு வந்தான். “அப்பா, எங்கடை ரீமிலையும் ஒரு நம்பர் ஏத்தப் போறம்” என்றான். “முதல் சைன் பண்ணின கொன்ராக்ட் உங்களிட்டை இருக்கெல்லே? அதை ஃபிரேம் பண்ணி வைக்கவேணும். நீங்கள் ஒரு ஸ்பீச் எழுதுங்கோ. கோட் போட்டுக்கொண்டு வாங்கோ. கயிறு இழுக்கிறதும் நீங்கள்தான்.”

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது எனது வளர்ப்பில் இல்லை. மேலும், கயிற்றை இழுப்பவர் யார் என்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன். அந்தச் சாம்பல் கோட்டுக்காரரைப் பற்றி நான் கேட்டது மகனின் மனதில் தைத்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டேன்.

எந்த இலக்கம் என்று மட்டும் யோசித்தேன். நான் சட்டை அணிந்தவன் அல்லன். இருபத்து நான்கு பொருத்தமாகப் பட்டது.

மனைவி பரமேஸ்வரியிடம் சொன்னேன். “நிமலன் உங்களுக்கெண்டு வாயாலை சொன்னவனே?” என்று கேட்டாள். இதையெல்லாம் வாயால் சொல்ல மாட்டார்கள் என்றேன். அவள் பெட்டியிலிருந்த எனது கோட்டை எடுத்து வெயிலில் போட்டாள்.

இலண்டனிலுள்ள தம்பி சிவபாலனுக்கும் சொன்னேன். அவன் குதூகலப்பட்டான். “அண்ணை, உதை மலரிலை போடத்தான் வேணும்.”

“சீச்சீ, வேண்டாம். உதுக்கெல்லாம் விளம்பரமோ?”

“இல்லை அண்ணை, நான் எழுதி அனுப்பிறன்.”

ஒருமுறை மறுப்பது நமது வழக்கம். தேநீர் வேண்டாம் என்று சொன்ன விருந்தினருக்கும் நாம் தேநீர் ஊற்றுகிறோம், அவரும் குடிக்கிறார். முதல் மறுப்பை ஒருவரும் மறுப்பாக எடுப்பதில்லை. இரண்டாம் முறையும் மறுத்திருந்தால் சிவபாலன் யோசித்திருப்பான். நான் மறுக்கவில்லை. எனது நல்ல படம் எதுவென்று அவன் கேட்டபோது, ஓய்வுபெற்ற அன்று எடுத்ததைச் சொன்னேன்.

ஏற்புரையை மூன்று நாள் இருந்து எழுதினேன். “தகுதிக்கு மீறிய இந்த மரியாதையை” என்று தொடங்கியிருந்தேன்.

5

வைபவத்துக்கு ஆறு நாள் இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு நிமலனின் பிக்கரிங் வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பாட்டு மேசையில் சட்டை விரிக்கப்பட்டிருந்தது. நீல நிறம். முதுகில் தமிழில் ‘தவம்’ என்று அடித்திருந்தார்கள். எழுத்துப் பிழை இல்லை. அதன்கீழே பதினொன்று.

“எப்பிடி, அப்பா? தமிழிலை அடிச்சது இதுதான் முதல்தரம்” என்றான் நிமலன். “ஸ்பீச்சிலை தவம் அங்கிள் கோலுக்கு நிண்ட கதையைக் கட்டாயம் போடுங்கோ.”

பரமேஸ்வரி என்னைப் பார்க்காமல் சமையலறைக்குள் போய்விட்டாள். நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன். என் குரல் மாறவில்லை என்றே நினைக்கிறேன்.

“தவராசா அஜக்ஸுக்குப் போனவர்” என்றேன்.

“ஓம்.”

“அங்கத்தை அணியோடை நிண்டு உங்களுக்கு எதிரா விசிலடிச்சவர்.”

“ஓம் அப்பா, நல்லா அடிப்பார்.” அவன் சிரித்தான்.

“விட்டிட்டுப் போனவருக்கோ நீங்கள் இலக்கம் ஏத்திறது?”

அப்போதுதான் அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் எனக்காகக் கேட்கிறேன் என்பது அவனுக்கு விளங்கவில்லை. அது விளங்காதிருந்ததற்காக இன்றுவரை நன்றியுடையவனாக இருக்கிறேன்.

“அவர் வீடு மாறினவர், அப்பா. அவ்வளவுதான். இட்ஸ் நொட் அ கொன்ராக்ட். அவர் வந்தவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தவர்.”

“நானும் ஒவ்வொரு வருசமும் வந்தனான்.”

“தெரியும். நீங்கள் இல்லாட்டி எங்களுக்கு ஐஸ் இல்லை. அதாலைதான் முதல் கொன்ராக்டை ஃபிரேம் போடுறம், அதாலைதான் கயிறும் நீங்கள்.” சட்டையை மடித்துக்கொண்டே, “ஆனா நீங்கள் ஒருநாளும் உள்ளுக்கு வரேல்லை, அப்பா” என்றான்.

“அலுவலகம் வரைக்கும் வந்தனான்.”

“ஓம். ஒஃபீஸ் வரைக்கும்.”

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. முகவரி சொல்வதுபோலச் சொன்னான்.

திரும்பி வருகையில் காரில் பரமேஸ்வரி கேட்டாள். “இஞ்சருங்கோ, சிவபாலனுக்கு எப்ப சொல்லப் போறியள்?”

“சொல்லுறன்.”

“பேப்பரிலை வர முந்திச் சொல்லுங்கோ. பேந்து உங்கடை மானத்தை நீங்களே ஏலத்திலை விடுறதாப் போம்.”

அன்று பிற்பகல் இலண்டனுக்கு அழைத்தேன். சிவபாலனின் மகள் எடுத்தாள். தகப்பன் வெளியே போயிருப்பதாகச் சொன்னாள். சுகம் விசாரித்துவிட்டு வைத்தேன். மறுபடி நான் அழைக்கவில்லை. இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

6

கூரை உத்திரத்தில் எதையாவது தொங்கவிட வேண்டுமானால் அரங்கு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதற்கு ஒரு பக்கப் படிவம். ஒப்பந்தக்காரர் கையொப்பமிட வேண்டும், ஒப்பந்தக்காரர் நான். வியாழன் மதியத்துக்குமுன் கிடைக்காவிட்டால் அனுமதி இல்லை. நிமலன் ஞாயிறன்றே படிவத்தை எனது கையில் தந்துவிட்டான். நான் அதை மேசை இலாச்சிக்குள் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை அழைத்தான். “அப்பா, சைன் பண்ணீட்டீங்களா?”

“வாசிக்கிறன்.”

“அப்பா, அது ஒரு பேஜ்.”

“ஒரு பக்கத்தையும் வாசிக்கத்தான் வேணும்.”

உண்மையில் வாசித்துவிட்டிருந்தேன். தொங்கவிடும் பொருளின் எடை, கயிற்றின் வகை, விழுந்தால் பொறுப்பு யாருக்கு, எல்லாவற்றையும் வாசித்திருந்தேன். கடைசிக்கு முந்திய வரி இப்படிக் கேட்டது: மதிப்பளிக்கப்படுபவருக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள தொடர்பு என்ன? அந்த இடத்தை நிரப்ப என்னால் முடியவில்லை. வியாழன் மதியம் அந்தக் காகிதம் இலாச்சிக்குள்ளேயே இருந்துவிட்டால் ஒருவரும் என்னைக் குறைசொல்ல முடியாது. வயதான மனிதர், மறந்துவிட்டார் என்பார்கள். இதை நான் நினைத்தேன். எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டபின் இதை விட்டு எழுத முடியாது.

புதன்கிழமை காலை தவராசா வந்தார். கையில் ஒரு பெட்டி பற்றிஸ்.

“இருங்கோ தவராசா. தேத்தண்ணி குடிக்கிறியளோ?”

“வேண்டாம் மாஸ்டர், இப்பதான் குடிச்சனான்.” பரமேஸ்வரி ஊற்றிக் கொடுத்தாள். குடித்தார்.

பிறகு சொன்னார். “மாஸ்டர், உந்தப் பொடியளுக்கு ஒருக்கால் சொல்லிவிடுங்கோ. எனக்கு உந்தச் சட்டை ஏத்திற விளையாட்டு வேண்டாம்.”

வழக்கப்படி பதில் சொன்னேன். “அப்பிடிச் சொல்லக்கூடாது. பிள்ளையள் ஆசைப்படுகினம்.”

“பதினொரு கோல் விட்டதையோ உத்தரத்திலை கட்டித் தூக்கிறது? எங்கடை அஜக்ஸ் ஆக்கள் ஆறு மாசத்துக்கு இதை வச்சே சிரிப்பினம். வேண்டாம் மாஸ்டர், மெய்யாத்தான் சொல்லுறன்.”

இது இரண்டாவது மறுப்பு. சிவபாலனிடம் எனக்கு அன்று வாயில் வராதது. நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அதோடை நான் விட்டிட்டுப் போனவன்” என்றார். “நீங்கள் விடேல்லை. சனிக்கிழமை மூண்டு மணி எண்ட நேரத்தை இருவத்திநாலு வருசம் பிடிச்சு வச்சிருக்கிறது உங்கடை கையெழுத்து. நான் இண்டைக்கு நிமலனிட்டைப் போய்ச் சொல்லப் போறன், மாஸ்டரின்ரை பேரை அடியுங்கோடா எண்டு. எனக்கு வேண்டாம்.”

மூன்றாவது. மூன்று முறை மறுத்தால் நம்மவரிடத்தில் அது மறுப்பு. அதற்குமேல் வற்புறுத்துவது முறையன்று. நான் விரும்பியது என் வரவேற்பறைக் கதிரையில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்திருந்தது. “உங்கடை விருப்பம்” என்ற இரண்டு சொற்கள் போதும். சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது.

அதைச் சொல்லாமல், “நிமலன் விளையாட்டிலை கெட்டிக்காரனோ?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது.

“கெட்டிக்காரன்தான். ஒரு பழக்கம் மட்டும் கூடாது.” தவராசா சிரித்தார். “ஒஃபீஸ் பக்கத்திலை ஒரு கதவு இருக்கெல்லே. அது ஆர் திறந்தாலும் திரும்பிப் பாப்பான். கால் ஐஸிலை, கண் கதவிலை. அதாலை எங்களுக்கு எத்தினை கோல் விழுந்தது. ‘பக்கைப் பாரடா, கதவைப் பாக்காதை, கொப்பர் கையெழுத்து வச்சிட்டுப் போயிட்டார்’ எண்டு கத்துவன். கேக்க மாட்டான்.”

அந்த நேரத்தில் என்னிடம் எழுந்தது நன்றியுணர்வு என்று எழுதினால் அது பொய். என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இத்தனை ஆண்டுகளாக இந்த மனிதரிடம் இருந்திருக்கிறது, அதை அவர் பற்றிஸ் தின்றுகொண்டே சொல்கிறார் என்ற எரிச்சல்தான் எழுந்தது. சட்டைக்காக நான் பட்ட பொறாமை அதற்கு முன்னால் சிறிதாகிப்போயிற்று.

எழுந்துபோய் இலாச்சியிலிருந்து படிவத்தை எடுத்துவந்தேன். தொடர்பு என்ற இடத்தில் ‘நண்பர்’ என்று எழுதப் பேனா போயிற்று. பொய்யான படிவத்தில் நான் கையொப்பமிடுவதில்லை. ‘என் மகனைப் பத்து ஆண்டுகள் அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்தவர்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். தவராசா எட்டிப் பார்த்தார்.

“மாஸ்டர், பன்ரண்டு வருசம்.”

பத்தை வெட்டிப் பன்னிரண்டு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். கீழே முழுக் கையொப்பம்.

“அப்ப நான் சொன்னது?” என்றார்.

“நீங்கள் மூண்டுதரம் சொல்லீட்டியள். நான் ஒருதரம்தான் சொல்லுவன். சனிக்கிழமை நேரத்துக்கு வாங்கோ.”

7

வைபவத்துக்கு அறுபது பேரளவில் வந்திருந்தார்கள். அன்றுதான் அலுவலகத்துக்கு அப்பாலுள்ள அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். குளிர் முகத்தில் அறைந்தது. ஈரமான தோலும் இறப்பரும் கலந்த ஒரு மணம். தவராசா இருந்துவந்த வாங்கிலில் யாரோ ஒரு தலையணை வைத்திருந்தார்கள்.

நிமலன் ஒலிவாங்கியில் ஒரு நாள் ஒப்பந்தத்தை வாசித்தான். தவராசா இன்று ஒருநாள் மட்டும் அணியின் கோல் காப்பாளர்; ஊதியம் இரண்டு பற்றிஸும் ஒரு தேத்தண்ணியும்; அஜக்ஸுக்கு விசிலடிக்கக் கூடாது. தவராசா ஒருவனைக் குனிந்து நிற்கச் சொல்லி, அவன் முதுகை மேசையாக்கி அதில் கையொப்பமிட்டார். சாட்சி என்ற இடத்தில் நான் இட்டேன், வாசித்த பிறகு.

“பதினொரு கோல் இல்லை, பன்ரண்டு” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். “ஒண்டை றெஃப்ரி காணேல்லை.”

“பொத்தடா வாயை. நம்பரை மாத்த இனிக் காசில்லை” என்றார் தவராசா.

எனது உரையை வாசித்தேன். புதிதாக எழுதியது. “இடையில் சில ஆண்டுகள் வேறோர் அணியில் இருந்தார்” என்ற வாக்கியத்தை முதல்நாள் வெட்டவா விடவா என்று யோசித்து, உண்மையாகையால் விட்டிருந்தேன். அந்த இடத்தில் அரங்கம் சிரித்தது. பெரிதாகக் கைதட்டியவர் தவராசா. அந்த வாக்கியத்தை நான் எந்த எண்ணத்தில் எழுதினேனோ அந்த எண்ணம் அங்கே ஒருவருக்கும் போய்ச் சேரவில்லை.

கயிற்றைப் பிடித்து இழுத்தேன். பாதி உயரத்தில் முடிச்சு கப்பியில் சிக்கிச் சட்டை நின்றுவிட்டது. நிமலன் பின்னால் வந்து எனது கைக்குக் கீழே கயிற்றைப் பிடித்தான். இருவரும் இழுத்தோம். மேலே போயிற்று.

அதன்பின் ஆட்டம். அன்று நான் காரை எடுத்துவரவில்லை; என்னை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதற்குத் தவராசாவின் கார்தான் இருந்தது. அவர் ஆட்டம் முடியுமுன் அசைவதாயில்லை. எனவே அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நிமலன் நன்றாகச் சறுக்குகிறான். இடது பக்கமாகத் திரும்பும்போது முழங்காலைக் கவனிக்கிறான். நாற்பத்தொரு வயது. இரண்டு முறை கதவுப் பக்கம் பார்த்தான். இரண்டாம் முறை கோல் விழுந்தது.

“பாத்தியளே, மாஸ்டர்?” என்றார் தவராசா.

8

மலரின் சென்ற இதழில் எனது படத்தின் கீழே, கனடாவில் ஹொக்கி அணியொன்று எனது நீண்டகாலச் சேவையைப் பாராட்டி எனது பெயரும் இலக்கமும் பொறித்த சட்டையை அரங்கின் கூரைக்கு ஏற்றிக் கௌரவித்ததாக அச்சிடப்பட்டிருந்தது. அச்சுக்குப் போகுமுன் அதை நிறுத்த எனக்கு அந்த ஞாயிறிலிருந்து எட்டு நாட்கள் இருந்தன, நான் நிறுத்தவில்லை. தம்பி சிவபாலன்மீது பிழை இல்லை. அது தவிர, முடிச்சு சிக்கியபோது நான் வேண்டுமென்றே கயிற்றை நிறுத்தினேன் என்று அஜக்ஸில் சிலர் சொல்வதாக அறிகிறேன். அதுவும் பிழை. முடிச்சைப் போட்டவன் நிமலன்.

ஏற்றப்பட்ட சட்டை திரு. தவராசாவுடையது. இலக்கம் பதினொன்று. எனக்கு இலக்கம் எதுவும் வழங்கப்படவில்லை. நான் கயிற்றை இழுத்தேன்.